மாத்திரை போடும் முன்னால் கல்ச்சர் கொடுங்கள்

யூரின் கல்ச்சருக்கு, அதாவது சிறுநீரில் உள்ள கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, எங்கள் லேபுக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "ஆன்டிபயாடிக் ஏதாவது போட்டீங்களா?" என்பதுதான். பலரும் இல்லை என்பார்கள். கொஞ்சம் தோண்டினால், "மெடிக்கல்ல ரெண்டு மாத்திரை கொடுத்தாங்க, என்ன மாத்திரைன்னு தெரியல" என்று வரும். அட்டையை வாங்கிப் பார்த்தால் சிவப்புக் கோடு. டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது என்பதற்கு அடையாளமே அந்தக் கோடுதான், 2016-இல் மத்திய சுகாதார அமைச்சகம் இதற்காகப் பிரசாரம்கூட நடத்தியது. யார் பார்க்கிறார்கள்!

அந்த ரெண்டு மாத்திரை நோயை முழுசாகத் தீர்க்காது, ஆனால் தட்டில் பாக்டீரியா வளராமல் செய்துவிடப் போதும். ரிப்போர்ட்டில் 'வளர்ச்சி இல்லை' என்று வரும், எரிச்சலும் காய்ச்சலும் அப்படியே இருக்கும், டாக்டர் ஊகத்தில்தான் மருந்து எழுத வேண்டிவரும். ஊகத்தில் எழுதும்போது யாராக இருந்தாலும் இன்னும் வீரியமான மருந்துப் பக்கம்தான் போவார்கள்.

"ரிப்போர்ட் வர ரெண்டு மூணு நாளா?" என்று அலுத்துக்கொள்கிறார்கள். கிருமி வளரவே ஒரு நாள் வேண்டும். 37 டிகிரி சூட்டில் வைத்து, மறுநாள் வளர்ந்திருப்பது என்ன கிருமி என்று பார்த்து, அதைப் புதுத் தட்டில் பரப்பி, மருந்து தோய்ந்த சின்னச் சின்ன வில்லைகளை வைத்தால், கேட்கிற மருந்தைச் சுற்றி மட்டும் கிருமி வளராத வட்டம் விழும். அதை அளக்க இன்னொரு நாள். அவசரப்படுத்தினால் கிருமி கேட்காது.

சிறுநீர்த் தொற்றில் நாங்கள் அதிகம் பார்ப்பது ஈ. கோலை என்ற பாக்டீரியா. முன்பெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு எழுதிய சிப்ரோஃப்ளாக்சசினுக்கு எதிரே ரிப்போர்ட்டில் இப்போது பெரும்பாலும் 'ஆர்', அதாவது கேட்காது. பழைய நைட்ரோஃபியூரன்டாயினுக்கு இன்னும் பல சமயம் 'எஸ்', அதாவது கேட்கும் என்று வருகிறது, விலையும் குறைவு. ஆனால் அது சிறுநீர்ப்பை வரைக்கும்தான், தொற்று சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டால் உதவாது. அதனால்தான் ரிப்போர்ட்டில் 'எஸ்' இருப்பதைப் பார்த்து நீங்களே மருந்து தேர்ந்தெடுக்காதீர்கள் என்கிறேன். கடுமையான தொற்றுக்கு ஊசியில் ஏற்றும் மெரோபெனெமுக்கும் 'எஸ்' இருக்கும். அதற்காக நீர்க்கடுப்புக்கு அதைப் போட வேண்டுமா?

மெரோபெனெம் வகை மருந்துகளையே உடைத்துப்போடும் என்.டி.எம்-1 ('என்.டி.' என்றால் நியூ டெல்லி) நொதியைப் பற்றி 2010-இல் வந்த பெரிய ஆய்வில், சென்னையில் எடுத்த கிருமிகளும் இருந்தன. ஆய்வின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. பெயரில் 'நியூ டெல்லி' இருக்கலாமா என்று பெரிய சண்டை நடந்தது. எனக்கு அதைவிடக் கவலை, அந்த நொதியை உண்டாக்கும் மரபணு பிளாஸ்மிட் என்ற டி.என்.ஏ. வளையத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு வகைக் கிருமியிலிருந்து வேறொரு வகைக் கிருமிக்கே தாவுகிறது என்பதுதான்.

டைபாய்டு கதையும் இதேதான். மூன்றாம் நாள் காய்ச்சலுக்கு வைடால் என்ற ரத்தப் பரிசோதனை எடுத்து, பாசிட்டிவ் என்றதும் ஆன்டிபயாடிக். பழைய தொற்று, தடுப்பூசி, வேறு காய்ச்சல் எதிலும் வைடால் பாசிட்டிவ் காட்டலாம். முதல் வாரத்தில், மருந்துக்கு முன் எடுக்கும் பிளட் கல்ச்சர்தான் நம்பகமானது. விலை கூடுதல்தான், மறுக்கவில்லை.

குளிர் நடுக்கம், மூச்சிரைப்பு, மயக்கம் என்றால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே ரத்தம் எடுத்த கையோடு மருந்தை ஏற்றிவிடுவார்கள். இன்னொரு பக்கம், எந்தத் தொந்தரவும் இல்லாத பாட்டிக்கு 'செக்கப்' என்று கல்ச்சர் எடுக்காதீர்கள், வயதானவர்களுக்குச் சும்மாவே கிருமி வளரும், அதற்கெல்லாம் மருந்து வேண்டியதில்லை. கர்ப்பிணிகள் விஷயம் வேறு, அவர்களுக்குத் தொந்தரவு இல்லாவிட்டாலும் மருந்து உண்டு.

கல்ச்சர் கொடுக்கும்போது முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள். டப்பா லேபில் கொடுத்ததாக இருக்கட்டும், கழுவிய ஜாம் பாட்டில் வேண்டாம். ரெண்டு மணி நேரத்துக்குள் கொண்டுவர முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் அல்ல.