சூரியன் மறைந்த பிறகு மூன்று மணி நேரம்

2016 நவம்பரில் ஐ.நா.வின் பருவநிலை மாநாடு மொரோக்கோவின் மராகேஷ் நகரில் நடந்தது. விருந்தாளிகள் வருமுன் வீட்டை ஒழுங்குசெய்வதுபோல் அந்த ஆண்டு முழுக்க நாட்டில் ஏற்பாடுகள் நடந்தன. ஜூலை 1 முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தது. பழைய நகரின் அடையாளமான கூத்துபியா பள்ளிவாசலின் கூரையில் சூரியத் தகடுகள் ஏறின. எல்லாம் நல்ல காரியங்கள்தான். ஆனால் என்னைக் கட்டிப்போட்ட வேலை, அட்லஸ் மலைக்கு அந்தப் பக்கம், வர்சாசாத் என்ற பாலைவன ஊருக்கு அருகே நடந்தது. அந்தப் பிப்ரவரியில் அங்கே திறக்கப்பட்ட 160 மெகாவாட் மின்நிலையத்துக்கு 'நூர்-1' என்று பெயர். அரபியில் நூர் என்றால் ஒளி. நம்மூரில் நூர் முகமது என்று பெயர் வைக்கிறார்களே, அதே நூர்.

மொரோக்கோவுக்குச் சொந்தமாக எண்ணெயோ எரிவாயுவோ சொல்லும்படி இல்லை. எரிசக்தியில் 90 சதவீதத்துக்கும் மேல் வெளியிலிருந்து வாங்கி வந்த நாடு. வெயிலுக்குக் குறைவில்லை. சிக்கல் என்னவென்றால், அங்கே மின்சாரம் அதிகம் தேவைப்படுவது பொழுது சாய்ந்த பிறகு. வீடுகளில் விளக்கு எரியத் தொடங்கும் அந்த நேரத்தில்தான் சூரியத் தகடு கையை விரித்துவிடும். மின்சாரத்தை பேட்டரியில் சேர்க்கலாம். ஆனால் ஒரு நகரத்துக்குப் போதுமான பேட்டரிக்கு அன்றைய விலை கட்டுப்படியாகாது. சரி, மின்சாரத்தை விடுவோம், வெப்பத்தைச் சேர்த்துவைத்தால் என்ன? நூர்-1 அந்தக் கேள்விக்குக் கட்டப்பட்ட பதில்.

அங்கே வரிசை வரிசையாக நிற்பவை முகம் பார்க்கும் கண்ணாடிபோல ஒளியைத் திருப்பி அனுப்பும் வளைந்த கண்ணாடிகள், சுமார் 5 லட்சம். நீளவாக்கில் பாதியாகப் பிளந்த குழாய்போல ஒவ்வொரு வரிசையும் நீண்டு கிடக்கும். அந்த வளைவு சும்மா போட்ட வளைவு இல்லை, பரவளையம். நேராக வந்து விழும் கதிர்கள் எல்லாவற்றையும் அது ஒரே கோட்டில் கொண்டுசேர்க்கும். சிறுவயதில் பூதக்கண்ணாடியால் காகிதத்தைப் பொசுக்கியிருப்போமே, அந்த ஒற்றைப் புள்ளியைக் கிலோமீட்டர் கணக்கில் இழுத்து நீட்டியதாக நினைத்துக்கொள்ளலாம். அந்தக் கோட்டின்மேல் ஒரு எஃகுக் குழாய் ஓடும். அதைச் சுற்றி ஒரு கண்ணாடிக் குழாய், நடுவே வெற்றிடம். நம் வீட்டு பிளாஸ்க்கில் காப்பி சூடு ஆறாமல் இருக்கிறதே, அதே உத்தி. உள்ளே ஓடும் எண்ணெய் சுமார் 390 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும். அதைக் கொண்டு தண்ணீரை நீராவியாக்கி, மின்சாரம் தரும் டர்பைனைச் சுற்றுகிறார்கள்.

கதிர் நேராக வந்தால்தான் குவியும் என்பதால் கண்ணாடிகள் காலையில் கிழக்கே தொடங்கிச் சூரியனோடு கூடவே திரும்புகின்றன. மேகம் மறைத்தால் கதை முடிந்தது. இதற்கு வர்சாசாத்தைவிட நல்ல இடம் கிடைப்பது கஷ்டம். அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக் காற்றை அட்லஸ் மலையே தடுத்துவிடுவதால் அங்கே வானம் பெரும்பாலும் வெளுத்தே கிடக்கும்.

இப்போது அந்த வெப்பத்தைச் சேர்த்துவைக்கும் பொருளுக்கு, உப்புக்கு வருவோம். சமையல் உப்பு அல்ல. 60 பங்கு சோடியம் நைட்ரேட், 40 பங்கு பொட்டாசியம் நைட்ரேட் சேர்ந்த கலவை. இரண்டாவது வேறொன்றுமில்லை, வெடியுப்பு. கையில் எடுத்தால் வெள்ளைத் தூள். 240 டிகிரியைத் தாண்டினால் உருகித் தண்ணீர் மாதிரி ஓடும். தண்ணீரையே 390 டிகிரிக்கு ஏற்றலாமே என்றால், அதை அடக்கிவைக்கப் பயங்கர அழுத்தம் தாங்கும் கலம் வேண்டும். உப்புக்கு அந்தத் தொல்லை கிடையாது, சாதாரணத் தொட்டியே போதும். தீப்பற்றாது, விலையும் மலிவு.

தொட்டிகள் இரண்டு. 'குளிர்' தொட்டி என்று சொல்வதே 290 டிகிரி! பகலில் சூடான எண்ணெயின் ஒரு பங்கு டர்பைனுக்குப் போகாமல், குளிர் தொட்டியிலிருந்து வரும் உப்பைச் சூடாக்கும். அந்த உப்பு சூட்டுத் தொட்டியில் போய்ச் சேரும். டம்ளர் காப்பி சீக்கிரம் ஆறும், அண்டா வெந்நீர் ஆறாது, இல்லையா? அளவு பெரிதாகும்போது உள்ளிருக்கும் வெப்பத்தோடு பார்த்தால் அது வெளியேறும் பரப்பு குறைவு. இவையோ ராட்சத அண்டாக்கள், அதுவும் கனமாகப் போர்த்தி மூடியவை.

சங்கடங்களும் உண்டு. குழாய்க்குள் உப்பு ஆறினால் கல்லாக உறைந்து அடைத்துக்கொள்ளும். அதனால் குழாயோடு குழாயாகச் சூடேற்றும் கம்பிகளையும் ஓட்டியிருக்கிறார்கள். கண்ணாடிகளில் படியும் தூசியைக் கழுவத் தண்ணீர் வேண்டும். நூர்-1 தன் நீராவியைக் குளிர்விக்கவும் அருகிலுள்ள அணை நீரையே எடுக்கிறது. வறண்ட பூமியில் அது சின்ன விஷயம் இல்லை. பின்னால் வந்த நூர்-2, நூர்-3 நிலையங்களைக் காற்றாலேயே குளிரும்படி கட்டியது சரியான முடிவு. நூர்-3இல் எண்ணெயே கிடையாது. சுமார் 250 மீட்டர் உயரக் கோபுரத்தின் உச்சியில் உப்பே நேரடியாக 565 டிகிரிக்குச் சூடேறுகிறது. சூடு கூடினால் தொட்டிக்கும் சோதனை கூடும். 2024இல் அதன் சூட்டுத் தொட்டி கசிந்து நிலையம் மாதக்கணக்கில் நின்றுபோனது. அதற்குள் சூரியத் தகடும் பேட்டரியும் மளமளவென்று மலிவாகிவிட்டன.

இருந்தாலும் நூர்-1இல் மாலை நேரம் வரும்போது நடப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு பூரிக்கிறது. வெளிச்சம் மங்கியதும் கண்ணாடிகள் திரும்பிப் படுக்கின்றன. சூட்டுத் தொட்டியின் உப்பு மெல்லக் குளிர் தொட்டிக்கு இறங்கத் தொடங்குகிறது. பகலில் எண்ணெயிடம் வாங்கிய சூட்டை இப்போது எண்ணெய்க்கே திருப்பித் தருகிறது. டர்பைன் நிற்காமல் சுற்றுகிறது. மூன்று மணி நேரம் கழித்து, ஊர் சாப்பிட்டு முடித்துப் படுக்கப் போகும்போது, சூட்டுத் தொட்டியில் உப்பு அடிமட்டத்துக்கு வந்திருக்கும்.