முதுகுப் புண்ணும் உங்கள் போர் விவாதமும்

எங்கள் கிளினிக்குக்கு இந்த மாதமும் ஒன்று. இடுப்புக்குக் கீழே உணர்வில்லாத ஒரு முன்னாள் போராளி. வால் எலும்புக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப் புண், அடியில் எலும்பு தெரிகிறது. தொடங்கியபோது அது வெறும் சிவப்புத் திட்டு. அந்தப் பக்கம் பாரம் கொடுக்காமல் ஓரிரு நாள் கிடந்திருந்தால் அடங்கியிருக்கும். இனி மாதக்கணக்கு.

கிளினிக்குக்கு வரப் பிந்தியதற்கான காரணம் இலங்கையின் வடக்கே, வன்னியில் எல்லாருக்கும் தெரியும். "ஆர் இவையைச் சண்டைக்குப் போகச் சொன்னது?" என்று ஒதுங்குபவர்கள் ஒருபக்கம். மாவீரர் நாளான கார்த்திகை (நவம்பர்) 27க்கு மாலையோடும் கமராவோடும் வருபவர்கள் மறுபக்கம். இந்த இரண்டு கூட்டத்திலும் ஒருவராவது அவரைப் புரட்டி முதுகைப் பார்க்கவில்லை.

படித்தவர்கள் கேட்கும் கேள்விதான் எனக்குக் கூடுதல் எரிச்சல் தருவது: "நான் போரை எதிர்த்தவன். இவருக்கு உதவினால் அதை நியாயப்படுத்துவதாகாதா?" ஆகாது. போரைத் தொடங்குவதும் நீட்டுவதும் சிலர் எடுக்கும் முடிவு. அதைச் சுமப்பது வேறு சிலரின் உடல். முடிவைத் திட்டுங்கள், எழுதுங்கள், மேடை போட்டுப் பேசுங்கள். அந்த வாதத்தில் எதையும் விட்டுக்கொடுக்காமலே ஒருவரை இடப்பக்கமிருந்து வலப்பக்கம் திருப்பிப் படுக்க வைக்கலாம்.

இன்னொரு ரகமும் உண்டு. பிடித்துக்கொண்டு போகப்பட்டவர் என்றால் பாவம், விரும்பிப் போனவர் என்றால் அனுபவிக்கட்டும் என்று பிரிப்பவர்கள். போரின் கடைசி ஆண்டுகளில் விடுதலைப் புலிகள் இயக்கம் வீட்டுக்கு ஒருவர் என்று கட்டாயமாகச் சேர்த்தது. பிள்ளையை ஒளித்து வைத்த, அவசரமாகக் கலியாணம் கட்டி வைத்த தாய்மார் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். விரும்பிப் போனவர்களும் இருந்தார்கள். யார் எப்படிப் போனார் என்று எழுத கிளினிக் அட்டையில் கட்டம் கிடையாது. இருந்தாலும் அதைப் பார்த்துப் புண் ஆழமாவதில்லை.

தெற்கிலும் இதே குழப்பம்தான். போரை எதிர்த்த சிங்களவரை "ரணவிருவுக்கு", அதாவது போர் வீரருக்கு, "துரோகி" என்றார்கள். அந்த வாதமும் இதைப் போலவே பிழை. அங்கே காலிழந்த சிப்பாய்க்கு அரசின் கொடுப்பனவாவது வருகிறது. இங்கே போராளிக்கென்று அப்படி எதுவும் இல்லை.

இது புதிதாகக் கண்டுபிடித்த ஞானமும் இல்லை. 1859இல் சொல்ஃபெரினோப் போருக்குப் பிறகு, பக்கத்து ஊரான காஸ்திலியோனேயின் பெண்கள் இரு தரப்புக் காயக்காரரையும் ஒன்றாகப் பராமரித்தார்கள். அதை நேரில் கண்ட ஹென்றி டுனான்ட்டின் முயற்சியில்தான் செஞ்சிலுவை பிறந்தது. 1949ஆம் ஆண்டின் முதலாம் ஜெனீவா உடன்படிக்கை, 12ஆம் உறுப்புரை: யாருக்கு முதலில் சிகிச்சை என்பதை மருத்துவ அவசரம் மட்டுமே தீர்மானிக்கலாம். அந்தப் பெண்களிடம் போர் பற்றிய கருத்தை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்ல வார்த்தை வந்திருக்காது.

சரி, வேலைக்கு வருவோம்.

காலையும் இரவும் தோலைப் பாருங்கள்: வால் எலும்பு, இருக்கை எலும்புகள், இடுப்பின் இரு பக்கம், குதிக்கால், கணுக்கால். அவரே பார்க்க நீளப் பிடி போட்ட கண்ணாடி போதும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்துப் பிறகு சிவந்தால் இரத்தம் ஓடுகிறது. வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் புண் தொடங்கிவிட்டது, அந்தப் பக்கம் பாரம் படக்கூடாது. கறுத்த தோலில் சிவப்புத் தெரியாது என்பதால், சூடு, தடிப்பு, கல்லுப் போன்ற இறுக்கம் இருக்கிறதா என்று புறங்கையால் தடவிப் பாருங்கள். அந்த இடத்தை எண்ணெய் போட்டு உருவாதீர்கள். உள்ளே நசிந்த தசையை நீங்களே கிழிக்கிறீர்கள்.

படுக்கையில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும். சக்கர நாற்காலியில் அரை மணிக்கு ஒருமுறையாவது நெஞ்சு முழங்காலைத் தொடுமளவு முன்னே குனிந்து, முழுதாக இரண்டு நிமிடம் இருக்க வேண்டும். கையை ஊன்றி ஐந்து செக்கன் எழும்பிவிட்டு இருப்பது இரத்தம் திரும்புவதற்குப் போதாது.

காற்று வளையம் கொடுக்கும் அன்பர்களே, தயவுசெய்து நிறுத்துங்கள். நடுவில் ஓட்டையுள்ள அந்த டியூப் சுற்றிவரத் தோலை நெரித்து, நடுவுக்கு வரும் இரத்தத்தைக் குறைக்கிறது. புண்ணைப் பெரிதாக்கும் பொருளுக்குப் படம் பிடித்து விழா வேறு.

நாற்காலி கொடுப்பதென்றால் முதலில் அளவெடுங்கள். இருக்கையின் அகலம் அவருடைய இடுப்பின் அகலம். ஆழம், பின்புறத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்து, அதில் 3 முதல் 6 சென்ரிமீற்றர் குறைவு. மெத்தை இல்லாத நாற்காலி உதவியே இல்லை. அவர் இருக்கும்போது மெத்தைக்கும் இருக்கை எலும்புக்கும் இடையே கையைச் செலுத்துங்கள். விரல் நுனி அரைச் சென்ரிமீற்றராவது மேலும் கீழும் அசையாவிட்டால் ஸ்பொஞ் செத்துவிட்டது, மாற்ற வேண்டும்.

புண் வாய் திறந்துவிட்டால் ஸ்பிரிட், ஐதரசன் பெரொக்சைட் எதுவும் வேண்டாம். அவை புதுத் தசையையும் எரிக்கும். கொதித்து ஆறிய ஒரு லீற்றர் தண்ணீரில் மட்டமாக ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு, அதாவது 9 கிராம், கரைத்துக் கழுவி, மூடி, கிளினிக்குக்குக் கொண்டுவாருங்கள். நாற்றமோ காய்ச்சலோ வந்தால் அன்றைக்கே.

ஆறாவது மார்பு முள்ளெலும்பிலோ அதற்கு மேலோ அடிபட்டவருக்குத் திடீரெனத் தலை வெடிப்பது போல இடித்து, முகம் சிவந்து, நெற்றி வியர்த்தால் பனடோல் கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள். உடனே நிமிர்த்தி இருத்துங்கள். இறுக்கமான உடுப்பைத் தளர்த்துங்கள். மூத்திரம் வடியப் போட்ட கதீற்றர் குழாய் மடிந்திருக்கிறதா, பை நிரம்பிவிட்டதா என்று பாருங்கள். பெரும்பாலும் மூத்திரம் அடைத்திருக்கும். இல்லையென்றால் மலச்சிக்கல். குறையாவிட்டால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி. அங்கே அவருடைய வழமையான பிறசரைச் சொல்லுங்கள். இவர்களுக்கு மேல் அளவு 90 முதல் 110 வரைதான் இருக்கும். 140ஐப் பார்த்து 'நோர்மல்' என்று திருப்பி அனுப்பினால் வழியிலேயே மூளையில் இரத்தம் கசியலாம்.

உடம்பில் செல் பீஸ், அதாவது குண்டுச் சிதறல், இருப்பவர் எம்ஆர்ஐ என்ற காந்த ஸ்கான் எடுக்குமுன் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கண்ணுக்கருகே இரும்புத் துண்டிருந்தால் காந்தம் அதை இழுக்கும். ஆமிக்குப் பயந்து மறைத்துப் பழகியவர்கள் இங்கும் மறைக்கிறார்கள். ஸ்கானறுக்கு மறைக்காதீர்கள்.

மேலே சொன்னதையெல்லாம் பெரும்பாலான வீடுகளில் செய்பவர் ஒரு தாய், அல்லது மனைவி. அந்தத் தாய்மாரில் பலருக்கு இப்போது அறுபது கடந்துவிட்டது, அவர்களுக்கும் நாரி நோ. நீங்கள் போரை ஆதரித்தவராக இருங்கள், எதிர்த்தவராக இருங்கள். மாதத்தில் ஓர் இரவு அந்தத் தாயைத் தூங்கவிட்டு நீங்கள் போய் இருங்கள். பத்து மணிக்கு, பன்னிரண்டுக்கு, இரண்டுக்கு, நாலுக்கு மகனைத் திருப்பிவிடுங்கள். நடுவில் கிடைக்கும் நேரத்தில் அவரோடே போரைப் பற்றி விவாதிக்கலாம். அநேகமாக விழித்துத்தான் கிடப்பார்.