பின்தொடரும் புடவை

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு புடவையைப் பிரித்துப் பார்த்து, விலை கட்டுப்படியாகாமல் இறங்கி வந்தால் கடைக்காரர் நம் பின்னாலேயே ராயபுரம் வரை வருவதில்லை. அதையே போனில் பார்த்துவிட்டு மூடினால், மறுநாள் செய்தித் தளத்தில் அதே புடவை வந்து நிற்கிறது. போன் ஒட்டுக்கேட்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு அவசியமே இல்லை, குக்கி போதும்.

ஒரு தளம் நம் பிரவுசரில் எழுதிவைக்கும் சின்னக் குறிப்புதான் குக்கி. 1994-இல் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் நிறுவனத்தில் லூ மான்டுல்லி என்ற பொறியாளர் உருவாக்கியது. கூடையில் போட்ட பொருள் பக்கம் மாறினாலும் மறந்துபோகாமல் இருக்க உதவும் நல்ல வசதி. தொல்லை மூன்றாம் ஆளால் வருகிறது. புடவைத் தளத்துக்குள் விளம்பர நிறுவனத்தின் நிரலும் ஓடும். அது தன் கணக்குக்கு 48213097 என்பதுபோல ஓர் எண்ணை எழுதிவைக்கும். செய்தித் தளத்திலும் அதே நிறுவனத்தின் நிரல் இருந்தால், பிரவுசர் அந்த எண்ணைத் தானாகவே எடுத்து நீட்டிவிடும். நம் பெயர் தேவையில்லை, புடவை பார்த்த எண் இது என்று தெரிந்தால் போதும். பக்கம் திறப்பதற்குள் அதிலுள்ள விளம்பர இடம் விளம்பரதாரர்களிடையே ஏலத்துக்குப் போகிறது. சுமார் 100 மில்லிசெகண்டில் ஏலம் முடிந்துவிடும். தோற்றவர்கள் கைக்கும் நம் விவரம் போய்ச் சேர்ந்திருக்கும் என்பதுதான் இதில் மோசம்.

ஆப்பிளின் பிரவுசரான சஃபாரி 2020 முதல் இந்த மூன்றாம் ஆள் குக்கிகளைத் தானே தடுக்கிறது. தடுக்கப்போவதாக அதே ஆண்டு அறிவித்த கூகுளின் குரோம், 2024-இல் பின்வாங்கியது. குரோமில் நாம்தான் மாற்ற வேண்டும்: செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, தேர்ட் பார்ட்டி குக்கீஸ், பிளாக். அதன்பின் சில தளங்களில் லாகின் சுற்றிக்கொண்டே நிற்கலாம். முகவரிக்கு இடப்பக்கக் குறியைத் தொட்டு அந்தத் தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுங்கள், மொத்தமாகத் திறந்துவிடாதீர்கள். ஆப்களுக்குக் குக்கி இல்லை, அதே வேலையைச் செய்யும் விளம்பர ஐடி என்ற அடையாள எண் உண்டு. ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் கூகுள், ஆட்ஸ் என்று போய் அதை டெலீட் செய்யலாம்.

பிரவுசரில் ரகசியமாகப் பார்க்கத் திறக்கும் இன்காக்னிட்டோவை நம்பி இருக்க வேண்டாம். மூடியதும் பார்த்த பக்கங்களின் பட்டியலும் குக்கிகளும் போனில் தங்காது, அவ்வளவுதான். உள்ளே போய் லாகின் செய்தால் நாம் யாரென்று நாமே சொல்லிவிடுகிறோம்.

கடையில் பில் போடும்போது கொடுக்கும் செல் நம்பரும் இதே வேலையைச் செய்யும். கடைகள் அந்த எண்களைச் சங்கேதமாக்கி விளம்பரத் தளத்தில் ஏற்றலாம். அதே எண்ணில் கணக்கு வைத்திருப்பவரின் திரையில் அந்தக் கடையின் விளம்பரம் வரும். நம்பர் கொடுத்தால்தான் பில் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என 2023 மே மாதமே மத்திய நுகர்வோர் துறை சொல்லிவிட்டது. “நம்பர் வேணாம்ணா, பில் மட்டும் குடுங்க” என்று தாராளமாகக் கேட்கலாம்.