கியர் பூ மாதிரி விழுகிறதா? கேபிளைப் பாருங்கள்

"தம்பி, கொஞ்ச நாளா கியர் விழுறதே தெரியல. பூ மாதிரி விழுது" என்று மண்ணடி பாய் போனில் சொன்னபோதே எனக்குச் சரியாகப் படவில்லை. எண்பதுகளின் டொயோட்டா க்ரௌன், ஆட்டோமேட்டிக். அவருடைய அண்ணன் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த வண்டி. வேறொரு இடத்தில் கார்புரேட்டர் வேலை பார்த்தவர்கள், கியர் உதைக்கிறது என்று இவர் சொன்னதும், கார்புரேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் கேபிளைக் கொஞ்சம் லூஸ் செய்து கொடுத்திருக்கிறார்கள். ஒரு தடவை பார்த்துவிடலாம், கொண்டுவாருங்கள் என்றேன். வரவில்லை. இரண்டு மாதம் கழித்து வண்ணாரப்பேட்டைப் பட்டறைக்குக் கட்டி இழுத்துத்தான் கொண்டுவந்தார்கள். இன்ஜின் இரைகிறது, வண்டி நகரவில்லை. கியர்பாக்ஸின் அடியில் ஆயில் நிற்கும் தட்டை, அதாவது பேனை இறக்கினால், சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் டிக்காஷன் நிறத்தில், கருகிய வாசனையோடு. அடியில் மை மாதிரி கறுப்புத் தூள். கிளட்ச் பிளேட்டில் இருக்க வேண்டியதெல்லாம் அங்கே இருந்தது.

கிக்டவுன் கேபிள் என்ற பெயரால் வரும் வினை இது. ஓவர்டேக் செய்ய ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால் ஒரு கியர் கீழே இறங்கும், அதற்கு மட்டும்தான் இந்தக் கம்பி என்று நினைத்துக்கொள்கிறோம். "நான் அவ்வளவு வேகமெல்லாம் போறதில்ல" என்று கேபிளைக் கழற்றிவிட்டே ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த மாதிரிப் பழைய டொயோட்டாவில், இன்ஜினுக்குக் காற்றை விடும் த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று கியர்பாக்ஸுக்குச் சொல்வதே இந்தக் கேபிள்தான். அதற்கேற்ப உள்ளே ஆயில் பிரஷர் ஏறும். அந்தப் பிரஷர்தான் பிளேட்டுகளை இறுக்கிப் பிடிக்கிறது. கேபிள் லூஸாக இருந்தால், இன்ஜின் முழு பலத்தில் இழுக்கும்போதும் கியர் பெட்டிக்குள் பிளேட்டுகள் சும்மா தொட்டுக்கொண்டிருக்கும். பிளேட் வழுக்கும், சூடேறும், கருகும். பாய்க்குப் பூவாகத் தெரிந்தது அந்த வழுக்கல்தான். டைட்டாக வைத்தால் கியர் தாமதமாக, ஒரு உதையோடு மாறும். எரிச்சலாக இருக்கும், சரி. ஆனால் பெட்டியைச் சீக்கிரம் கொல்வது லூஸ்தான்.

எல்லாப் பெட்டியும் ஒன்றல்ல. ஜெனரல் மோட்டார்ஸின் டர்போ 350 கியர்பாக்ஸில் கேபிள் கிக்டவுனுக்கு மட்டுமே; இன்ஜின் பாரத்தை வேக்குவம் குழாய் சொல்லிவிடும். அதே கம்பெனி 1982 மாடலில் கொண்டுவந்த 700ஆர்4-இல் பிரஷரே கேபிள் கையில். டபிள்யூ123 பென்ஸில் கிக்டவுனுக்கு மிதிக்கு அடியில் தனியாக ஒரு சுவிட்ச் உண்டு. ஒரு வண்டிக்குக் கேட்ட வைத்தியத்தை இன்னொன்றுக்குச் செய்யாதீர்கள்.

பாய் வண்டிக்கு பிளேட் செட் வந்து சேரவே ஆறு வாரம் ஆனது. பழைய கேபிளின் உறை சைலன்சர் பைப்பில் பட்டு உருகியிருந்தது, உள்கம்பியில் துரு. கடலோரக் காசிமேட்டுப் பக்கம் வெளியில் நிற்கும் வண்டிகளில் இந்தத் துரு சகஜம். புதுப்பேட்டையில் விசாரித்தால், "புல்லட் கிளட்ச் கேபிளை வெட்டிப் போட்டுக்கோங்கண்ணே, அளவு வந்துடும்" என்றார்கள். நீளம் வரும். ஆனால் டொயோட்டா உள்கம்பியில் ஒரு சின்ன உலோக மணி நசுக்கி வைத்திருப்பார்கள், செட்டிங்கே அதை வைத்துத்தான். அது இல்லாத கம்பியில் எதை அளப்பது?

கேபிளின் கீழ் முனை, கியர்பாக்ஸுக்குள் ஆயிலைப் பிரித்து அனுப்பும் வால்வ் பாடியில் ஒரு குட்டிக் கேமில் மாட்டியிருக்கும். அதனால் பேனை இறக்காமல் மாற்ற முடியாது. ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம், ஓ-ரிங், புதிதாக இருக்கட்டும். உறை எங்கும் மடங்காமல், சைலன்சரை விட்டுத் தள்ளிப் போக வேண்டும். சில புதுக் கேபிள்களில் மணி நசுக்காமலே வரும். அப்படி வந்தால், பெட்டியில் மாட்டியபின் கேபிளை 200 மி.மீ. ஆரத்துக்கு வளைத்து, உள்கம்பியை மெதுவாக இழுங்கள். லேசாக ஒரு பிடிப்பு தட்டுப்படும். அங்கேயே பிடித்துக்கொண்டு, உறை முனையிலிருந்து 0.8 முதல் 1.5 மி.மீ. தள்ளி மணியை நசுக்குங்கள்.

செட்டிங் இன்ஜினை அணைத்துவிட்டு. உள்ளே ஒருவர் மிதியை முழுக்க அழுத்திக்கொண்டிருக்க, கேபிள் உறையின் மேல் முனையில் இருக்கும் ரப்பர் மூடிக்கும் மணிக்கும் நடுவே 0 முதல் 1 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். லாக் நட்டுகளைத் திருப்பி அதைக் கொண்டுவந்து, இறுக்கி, காலை எடுத்து மிதித்து இன்னொரு தடவை அளக்க வேண்டும். நானும் அப்படித்தான் செய்தேன். பையன் மிதித்தான், 1 மி.மீ. வந்தது, பூட்டினேன். ரோட்டில் எடுத்தால் ஒவ்வொரு கியரும் தாமதமாக, முதுகில் குத்துகிற மாதிரி விழுந்தது. அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால், பாய் காலடியில் போட்டிருந்த தடித்த கயிற்று மேட். மிதி அதில் முட்டி நின்றதை "முழுசா மிதிச்சுட்டேண்ணே" என்று பையன் சொல்ல, நானும் நம்பிவிட்டேன். த்ராட்டில் முழுக்கத் திறந்திருக்கிறதா என்று இன்ஜின் பக்கம் கண்ணால் பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். அதைப் பார்க்காமல் கேபிளைத் தொட்டது என் தப்பு. மேட்டை எடுத்துவிட்டு முதலிலிருந்து செட் செய்தேன்.

ஞாயிறு விடியற்காலை, கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டுவதற்கு முன், பாயையும் ஏற்றிக்கொண்டு எண்ணூர் விரைவுச் சாலைக்குப் போனேன். மெதுவாக மிதித்தபோது கியர் ஒவ்வொன்றும் லேசான ஒரு பிடிப்போடு மாறியது. நாற்பதில் போகும்போது முழுக்க அழுத்தினேன். ஒரு கியர் இறங்கி வண்டி சீறியது.

"முன்ன மாதிரி பூவா இல்லையே தம்பி" என்றார்.

"இருக்காது பாய்" என்றேன்.

பட்டறைக்குத் திரும்பியதும் டிக்கியைத் திறந்து அந்தக் கயிற்று மேட்டை எடுத்து மறுபடி காலடியில் விரிக்கப் போனார். நான் வாங்கிப் பட்டறைக்குள்ளே வைத்துவிட்டேன்.