காற்றாடி நிற்காத படம்

அரக்கோணம் பக்கம் வளர்ந்தவர்களுக்குக் கடற்படையின் டியு-142 கண்காணிப்பு விமானத்தின் உறுமல் நினைவிருக்கும். ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானத் தளத்திலிருந்து 2017 வரை பறந்த அந்த ரஷ்ய விமானத்துக்கு நான்கு இன்ஜின்கள். ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுற்றும் இரண்டு புரொப்பெல்லர்கள், அதாவது காற்றாடிகள். இப்போது புரொப்பெல்லர் விமானங்களைப் படமெடுக்க வேலூர்க்காரர்களுக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய வாய்ப்பு, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பெங்களூரு எலகங்காவில் நடக்கும் ஏரோ இந்தியா விமானக் கண்காட்சி.

அங்கே முதல்முறை போகிறவர்கள் ஷட்டரை, அதாவது கேமரா ஒளியை உள்ளே விடும் நேரத்தை, 1/2000 வினாடியில் வைத்துவிடுவார்கள். படம் கூர்மையாகத்தான் வரும். ஆனால் புரொப்பெல்லர் அசையாமல் நிற்பதால், இன்ஜின் அணைந்துபோன விமானம் வானத்தில் தொங்குவதுபோல் இருக்கும்.

காரணம் எளிய கணக்கு. புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 2400 சுற்று என்றால் வினாடிக்கு 40. 1/2000 வினாடியில் பிளேடு நகர்வது வெறும் 7 டிகிரி. அதையே 1/125 ஆக்கினால் 115 டிகிரி. மூன்று பிளேடு உள்ள புரொப்பெல்லரில் ஒரு பிளேடுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 120 டிகிரி என்பதால், கிட்டத்தட்ட முழு வட்டமே மெல்லிய திரைபோலப் பதிந்துவிடும்.

சரி, அப்படியானால் விமானமும் கலங்காதா? கலங்கும். மணிக்கு 200 கிலோமீட்டரில் போகும் விமானம் 1/125 வினாடியில் 44 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறது. அதனால் விமானம் போகும் வேகத்திலேயே கேமராவையும் திருப்ப வேண்டும். இடுப்பிலிருந்து திரும்புங்கள். ஷட்டரை அழுத்திய பிறகும் திருப்புவதை நிறுத்தாதீர்கள்; படம் கெடுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். பழகுவதற்குப் பெங்களூரு நெடுஞ்சாலையில் பறக்கும் பஸ்களே போதும். முதலில் 1/500, கை பழகியதும் 1/250, அப்புறம் 1/125 என்று இறங்கலாம்.

செல்போனில் வேறு சிக்கல். அதன் சென்சார் காட்சியை வரிவரியாகப் படிக்கிறது. கடைசி வரிக்கு வருவதற்குள் பிளேடு நகர்ந்துவிடுவதால் நேரான பிளேடு வாழைப்பழம்போல் வளைந்து விழும்.

ஹெலிகாப்டருக்கு இன்னும் பொறுமை வேண்டும். விமானப்படையின் சாகசக் குழுவான சாரங்கின் துருவ் ஹெலிகாப்டரில் மேலே இருக்கும் பெரிய சுழலி நிமிடத்துக்குச் சுமார் 300 முறைதான் சுற்றுகிறது. ஏறக்குறைய நம் வீட்டு மின்விசிறியின் வேகம். 1/60 வினாடிக்கு இறங்கினால்தான் அது சுற்றுவது தெரியும். மே மாத வெயிலில் வெளியே போக முடியாத மத்தியானத்தில், மின்விசிறியை நிமிர்ந்து பார்த்து ஷட்டரை மாற்றி மாற்றி எடுத்துப் பாருங்கள்.