மிடில் பவர் என்றால் நடுநிலை நாடு இல்லை

துருக்கியின் ஆப்பிரிக்கக் கொள்கை பற்றித் தமிழில் எது வந்தாலும் ‘நடுநிலை நாடான துருக்கி’ என்று எங்காவது எட்டிப் பார்க்கிறது. ஆங்கில மூலத்தில் இருப்பது ‘மிடில் பவர்’. அதற்கும் நடுநிலைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

1589இல் இத்தாலியர் ஜொவான்னி பொத்தேரோ அரசுகளைப் பெரியது, இடைப்பட்டது, சிறியது என்று பிரித்தார். பிறர் உதவியின்றிச் சொந்தக் காலில் நிற்கக்கூடியது இடைப்பட்டது. 1945ஐ ஒட்டி, ஐ.நா. உருவானபோது, பெரிய ஐந்து நாடுகளுக்கு அடுத்த இடம் கேட்ட கனடாவும் ஆஸ்திரேலியாவும் இந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டன. அவ்வளவுதான் கதை. நாட்டின் வலிமை எவ்வளவு என்று சொல்கிற சொல் இது, யார் பக்கம் என்று சொல்வதல்ல.

நடுநிலை என்றால் எந்தப் பக்கமும் சாயாதது. வள்ளுவர் அதற்கு ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். சுவிட்சர்லாந்தை அப்படிச் சொல்லலாம், சரி. ஆனால் கனடா 1949இல் நேட்டோ என்ற ராணுவக் கூட்டணியைத் தொடங்கிய நாடுகளில் ஒன்று, துருக்கி 1952இலேயே அதில் சேர்ந்துவிட்டது, ஆஸ்திரேலியா 1951இல் அமெரிக்காவோடு பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டது. இதில் எது நடுநிலை? சோமாலியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2011 பஞ்சத்தின்போது துருக்கியின் அப்போதைய பிரதமர் எர்துவான் தலைநகர் மொகதிஷுவுக்கு நேரில் போனார், அடுத்த ஆண்டே துருக்கி விமானங்கள் அங்கே இறங்கத் தொடங்கின, அப்புறம் 2017இல் சோமாலியப் படைக்குப் பயிற்சி தர அங்கேயே ஒரு ராணுவத் தளம். அல்-ஷபாப் என்ற தீவிரவாதக் குழுவோடு மோதும் படைக்குத் துப்பாக்கி பிடிக்கக் கற்றுத்தருகிற நாட்டை நடுநிலை என்று எழுதினால் படிக்கிறவர் கொள்கையையே தலைகீழாகப் புரிந்துகொள்வார்.

‘மைய வல்லரசு’ என்ற மொழிபெயர்ப்பு இன்னும் மோசம். அது முதல் உலகப் போரில் ஜெர்மனி அணியின் பெயர். ‘நடுத்தர வல்லரசு’ பரவாயில்லை, ஆனால் வல்லரசு என்றதும் அமெரிக்காவும் சீனாவும் வந்து நிற்கும், ‘நடுத்தர’ காணாமல் போய்விடும். நான் ‘இடைவலு நாடு’ என்றே எழுதுகிறேன். வலு எல்லோர் வாயிலும் புழங்கும் சொல். மெக்சிகோ, இந்தோனேசியா, தென்கொரியா, துருக்கி, ஆஸ்திரேலியா ஐந்தும் 2013இல் அமைத்த மிக்டாவை ‘இடைவலு நாடுகளின் குழு’ என்று சொல்லிப் பாருங்கள், எங்கேயும் இடறாது.

பவர் என்று கண்டதும் அகராதியில் முதலில் நிற்கும் பொருளைப் பிடுங்கி ஒட்டுகிற பழக்கம்தான் எரிச்சலூட்டுகிறது. ‘மத்திய அதிகாரங்கள்’ என்றுகூட எழுதுகிறார்கள். அதைப் படிப்பவர் மாநில உரிமை பற்றிய கட்டுரை என்றல்லவா நினைப்பார்!