வளையத்தின் வாயை எப்படித் திறப்பது?

ஜோடியைத் தொலைத்த ஒற்றை ஜிமிக்கியும் அறுந்த கவரிங் சங்கிலியும் என் மேசை இழுப்பறையில் நெடுநாளாகக் கிடந்தன. சங்கிலியில் ஜிமிக்கியைப் பதக்கமாகக் கோத்துவிட்டால் கழுத்தணி தயார்; செலவு ஒரே ஒரு பித்தளை வளையம். அந்த வளையத்தில்தான் தோற்றேன். அதன் வாயை, அதாவது வட்டம் வெட்டுப்பட்டிருந்த இடத்தை, இரு பக்கமும் இழுத்து விரித்தேன். மூடியபோது முட்டை வடிவமாகிவிட்டது. குறட்டால் மறுபடி மறுபடி நெளித்துப் பார்த்ததில், வாய்க்கு நேர் எதிரே பட்டென்று ஒடிந்தது.

உலோகத்தில் அணுக்கள் அடுக்கடுக்காக நிற்கின்றன. கம்பி வளைய வேண்டுமானால் அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்க வேண்டும். முழு அடுக்கும் ஒரே மூச்சில் வழுக்குவதாகக் கணக்குப் போட்டால், உண்மையில் தேவைப்படுவதைவிடப் பல மடங்கு விசை வேண்டும் என்று விடை வரும். 1934இல் டெய்லர், ஒரோவன், போலான்யி என்ற மூன்று விஞ்ஞானிகளும் தனித்தனியாக இந்தப் புதிரை அவிழ்த்தார்கள். விரித்த ஜமக்காளத்தை அப்படியே இழுப்பது கடினம். ஓரத்தில் ஒரு சுருக்கம் விழச்செய்து அதைத் தள்ளிக்கொண்டே போனால் சுலபமாக நகரும். உலோகத்திலும் அணு வரிசையின் பிசகுகள் இப்படித்தான் நகர்கின்றன.

வளைக்க வளைக்கப் பிசகுகள் பெருகி, நூல்கண்டு போலச் சிக்கிக்கொள்கின்றன. நகர வழியில்லாமல் அந்த இடம் இறுகுகிறது. விரித்த வளையத்தை மூடும்போது, வாய்க்கு எதிரே இறுகிப்போன முதுகு வளைய மறுக்கிறது. பக்கத்திலுள்ள மென்மையான பகுதி வளைந்துகொடுக்கிறது. முட்டை வடிவம் வந்த கதை இதுதான். மேலும் நெளித்தால் விரிசல்.

இரு குறடுகளால் பிடித்து, ஒரு முனையை முன்னுக்கும் மற்றதைப் பின்னுக்கும் தள்ளித் திறந்தால், கம்பி பெரும்பாலும் முறுக்கத்தான் படுகிறது, வட்டம் கெடுவதில்லை. மூடும்போது முனைகளைச் சற்றுத் தாண்டவிட்டுத் திரும்பக் கொண்டுவர வேண்டும், ஏனென்றால் உலோகம் கொஞ்சம் பின்வாங்கும்.

இறுகிய செப்புக் கம்பியை மங்கலாகச் சிவக்கும்வரை காய்ச்சினால் சிக்கல் அவிழ்ந்து, புதுப் படிகங்கள் உருவாகி, கம்பி மறுபடி இளகும். உடனே தண்ணீரில் போட்டாலும் எஃகைப் போல அது கடினமாவதில்லை. பொற்கொல்லர்கள் கம்பி இழுக்கும்போது நடுநடுவே காய்ச்சுவது இதற்காகவே. இறுக்கமே வேண்டிய இடமும் உண்டு: சங்கிலிக் கொக்கியை வளைத்து முடித்தபின் சுத்தியலால் லேசாகத் தட்டினால் வடிவம் நிற்கும். ஆனால் பழைய கவரிங் நகையைத் தயவுசெய்து அடுப்பில் காட்டாதீர்கள். உள்ளே துத்தநாகக் கலவை இருந்தால் உருகி வழிந்துவிடும். துத்தநாகம் உருகுவது சுமார் 420 டிகிரி செல்சியஸில். காட்மியம் என்ற உலோகம் இருந்தால் புகையே நஞ்சு.

முலாம் தேய்ந்த இடத்தில் வியர்வை பட்டால் அடியிலுள்ள நிக்கல் கரைந்து தோலைச் சேரும். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அரிப்பு எடுக்கும். ஐரோப்பிய ஒன்றியம் தோலில் நெடுநேரம் படும் பொருள்களுக்கு வாரத்துக்குச் சதுர செ.மீ.க்கு 0.5 மைக்ரோகிராம் என்றும், துளையில் மாட்டுபவற்றுக்கு 0.2 என்றும் நிக்கல் கசிவுக்கு எல்லை வைத்திருக்கிறது. ஆகவே மற்றதெல்லாம் பழசாக இருக்கட்டும். காதுத் துளைக்குள் போகும் கம்பியை மட்டும் நான் புதிதாக வாங்குகிறேன்.